பொது நூலகமும் நூல் தேர்வும்
(கிளியனூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

திண்டிவனத்தினின்று புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் கிளியனூர். வேளாண்மையை வாழ்வாகக் கொண்ட இவ்வூரைச் சைவ உலகம் திருக்கிளியன்னவூர் என்னும் பெயரால் அறியும். ஈண்டுள்ள அகத்தீசுவரர் திருக்கோயிலுக்குரியதாகத் திருஞானசம்பந்தர் பெயரில் வழங்கும் பதிகம், பழைய திருமுறைத் தொகுப்பினுள் இடம்பெறாது, பிற்காலத்தே கிடைத்துச் சேர்க்கப்பெற்றது. திருவிடைவாய்ப் பதிகம் 1917-ஆம் ஆண்டில் கல்லெழுத்தாகக் கண்டறியப்பெற்ற செய்தியைத் தமிழாய்வார் அறிவர். கிளியன்னவூர்ப் பதிகமும் அவ்வாறே தொகைக்குப் புறத்தே நின்று பின்னர் உள்ளே வந்த ஒன்றாகும். தில்லையில் ஏடுகளைக் கறையான் அரித்தது போக எஞ்சியவையே தொகுக்கப்பெற்றன என்று திருமுறை கண்ட புராணம் கூறும். அங்ஙனமாயின், எது நிற்க வேண்டும், எது விடப்பட வேண்டும் என்பதை முதற்கண் முடிவு செய்தது கறையானே. நம்பியாண்டார் நம்பி அதற்குப் பின்னரே வருகின்றார்.

இவ்வூரை இக்கட்டுரையின் தொடக்கமாக யாம் கொண்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கிளியனூருக்கு அணித்தே உள்ளது ஓமந்தூர். அவ்வூரினரான ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் தலைமையமைச்சராக விளங்கிய காலத்தில்தான், அவர்தம் அமைச்சரவையில் கல்வித்துறையைத் தாங்கிய தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதற் பொது நூலகச் சட்டம் இதுவே. வரி செலுத்தும் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் நூல் படிக்கும் உரிமை உண்டு என்பதைச் சட்டமாக்கிய ஆட்சியின் தலைவர், இச்சாலையோரத்து உழவர் குடியிலிருந்து சென்றவர் என்பது நினைக்கத்தக்கது. அவ்வுரிமை உண்டெனில், அவனுக்கு எந்த நூலை வைப்பது, அதனை யார் தேர்வது, எதனால் தேர்வது என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன. இவற்றுக்கு நம் நாட்டில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல்களைத் தேர்ந்து தொகுத்தல் தமிழர்க்குப் புதுவதன்று. எட்டுத்தொகை என்னும் பெயரே அதற்குச் சான்று. தொகுத்தார், தொகுப்பித்தார் என இருவரைத் தனித்தனியே குறிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. புலமையுடையவன் ஒருவன், பொருளுடையவன் மற்றொருவன். இன்று நூலகத்துறையில் தேர்வுக் குழு என்றும், நிதி வழங்கும் அரசு என்றும் யாம் பிரித்துரைப்பது இப்பழம் பிரிவினையே. மேலும், அகப்பாடல்களை அடியளவு நோக்கி நான்கு முதல் எட்டடி வரை குறுந்தொகை எனவும், ஒன்பது முதல் பன்னிரண்டடி வரை நற்றிணை எனவும், பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரை அகநானூறு எனவும் வகுத்தனர். சுவையால் வேறுபடும் பொருளையும் எண்ணத்தக்க அளவுகோல் ஒன்றால் வகுக்க முற்பட்டமை இது. பிற்காலத்தே நூலின் பக்க அளவு தேர்வோடு எவ்வாறு பிணைந்தது என்பதைக் கூறுங்கால் இதனை மீண்டும் நினைவுகூர்வோம்.

ஆயினும் அத்தொகைகள் அரசர்க்கும் புலவர்க்கும் உரியன. பெயரறியா வாசகன் ஒருவனுக்காகத் தேர்தல் என்பது அச்சுக்குப் பின் வந்த நிலையாகும்.

சென்னையில் அது தொடங்கிய முறை வியப்புக்குரியது. இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலரைப் பயிற்றிய ஹெய்லிபரிக் கல்லூரி 1858-இல் மூடப்பட்டது. அதன் நூலகத்தில் மிகையாக நின்ற நூல்கள் சில ஆண்டுகளிற் சென்னை அரசுக்கு அனுப்பப்பெற்று, அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றன. அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த காப்டன் ஜெஸ்ஸி மிட்செல் அவற்றைக் கொண்டு பொது நூலகம் ஒன்று தோன்ற வேண்டுமென முயன்றார். அவ்வித்தே வளர்ந்து, 1890-இல் கால்கோள் செய்யப்பெற்று, 1896 டிசம்பர் 5-ஆம் நாள் திறக்கப்பெற்ற கன்னிமாரா பொது நூலகமாயிற்று. தமிழகத்தின் தலையாய பொது நூலகத்தின் முதற்றொகுதி எவரும் தமிழருக்கெனத் தேர்ந்தெடுத்ததன்று. பிறருக்கு வேண்டாதது என ஒதுக்கப்பட்டதே என்பது இதனாற் புலனாகும். இதனை இகழ்ந்துரைப்பது எம் கருத்தன்று. வந்ததை வைத்துக்கொள்ளுதலும் ஒரு முறையே. ஆனால் அஃது தேர்வு ஆகாது.

வந்ததை வைத்துக்கொள்ளும் முறைக்குச் சட்ட வடிவமும் உண்டு. 1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டத்தின்படி அச்சிடுவோர் தம் நூல்களின் படிகளை அரசுக்கு அளித்தல் வேண்டியிருந்தது; அரசு அவற்றைக் காலாண்டுப் பட்டியல்களாக வெளியிட்டது. அப்பட்டியல்களைக் கொண்டு இலண்டனில் உள்ளோர் தமக்கு வேண்டியவற்றைப் பெற்றனர். விடுதலைக்குப் பின் 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டம், பதிப்பிக்கும் நூல் ஒவ்வொன்றையும் நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளரே தம் செலவில் அனுப்ப வேண்டுமென விதித்தது. அந்நான்கனுள் கன்னிமாராவும் ஒன்று. ஈண்டுத் தேர்வு என்பது இல்லை. நல்லதும் அல்லதும் ஒருங்கே வந்து சேரும்.

அங்ஙனம் வந்து சேர்ந்தமையின் பயனைத் தமிழாய்வாளர் நன்கு உணர்வர். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்கப்பெற்ற சிறு பாட்டுப் புத்தகங்களை நோக்குக. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, இரயில் கும்மி, கள்ளின் கொடுமை பற்றிய பதங்கள் என வெளிவந்த அவற்றைப் புலவருலகம் கண்ணெடுத்தும் பார்த்ததில்லை. யாதேனுமொரு நூல் தேர்வுக் குழு அந்நாளில் இருந்திருப்பின், அக்குழுவில் யாம் இருந்திருப்பினும், அவற்றுள் ஒன்றையேனும் வாங்கியிரோம் என்பதை ஒளிக்காது கூறுதல் வேண்டும். இன்றோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமூக வரலாற்றை எழுதப் புகுவார்க்கு அவை இன்றியமையாத சான்றுகளாயின. அவற்றுட் பல சட்டத்தின் வழி இலண்டன் சென்று தப்பின. சில தனியார் சேகரங்களில் தப்பின. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் திரட்டிய சேகரம், அவர் 1992-இல் மறைந்த பின்னர், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் துணையால் 1994-இல் ஆராய்ச்சி நூலகமாகச் சென்னையில் உருப்பெற்றது. அவர் விளம்பரத் தாளையும் நாடக அறிவிப்பையும் விட்டவரல்லர். பொது நூலகங்கள் விலக்கியதைத் தனி மனிதர் ஒருவர் ஏற்றார் என்பதே இதன் பொருள். புலமைச் சுவை ஒன்றே தேர்வுக்கு அளவையாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

இனி, விலக்குதல் சுவையால் மட்டும் நிகழ்வதன்று, ஆணையாலும் நிகழும். கிளியனூர்ச் சாலை அதற்குச் சாட்சியாக நின்ற காலம் உண்டு. 1908 முதல் 1918 வரை சுப்பிரமணிய பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர் அங்கிருந்து நடத்திய 'இந்தியா' இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைவது தடுக்கப்பெற்று, 1910-இல் நின்றுபோயிற்று. அவர்தம் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்னும் நூல்களும் பிரிட்டிஷ் இந்தியாவில் தடைசெய்யப்பெற்றன. அவர் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின்னரும், 1928-இல், அவர்தம் பாடல் நூல்கள் சென்னை மாகாணத்தில் பறிமுதலுக்கு உள்ளாயின. சட்டமன்றத்தில் அதுபற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. அக்காலத்தில் நூலகர் எவரும் பாரதியை விலக்கினார் என்று குறை கூறுதல் இயலாது. நூலகரின் கைக்கு நூல் எட்டு முன்னரே தேர்வு முடிந்துவிட்டது. இந்நாளில் எந்த ஊர்ப்புற நூலகத்தும் பாரதி பாடல் இல்லாத அலமாரி இராது. ஓர் ஆட்சி பறித்ததை மற்றோராட்சி கட்டாயமாக வைக்கின்றது; இரண்டுமே நூலகத்திற்குப் புறத்தே எடுக்கப்பெற்ற முடிபுகள் என்பதையும் மறத்தலாகாது.

தேர்வினை நூலகத்தின் அகத்ததாக, ஒரு துறைக் கல்வியாக நிறுவியவர் சீகாழி இரா. அரங்கநாதன் ஆவார். கணிதப் பேராசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். நூல்கள் பயன்படுதற்கே உரியன. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் காலத்தைப் பேணுக. நூலகம் வளரும் உயிர். இவ்வைந்தும் பலரும் அறிந்தவையே. ஆயின் தேர்வென்னும் நோக்கில் இரண்டாம் விதியையும் மூன்றாம் விதியையும் ஒருங்கு வைத்து நோக்கியோர் சிலரே. இரண்டாம் விதி 'வாங்குக' என்கின்றது: கிளியனூரில் நெற்பயிர் நோயைப் பற்றி அறிய விரும்புவான் ஒருவனே உளனாயினும் அவனுக்குரிய நூல் வேண்டும். மூன்றாம் விதி 'ஆராய்ந்து வாங்குக' என்கின்றது: வாசகரற்றுத் தூசு படியும் நூல் பிறிதொரு நூலின் இடத்தையும் பொருளையும் கவர்ந்ததாகும். இவ்விரண்டும் முரணுவன போலத் தோன்றினும், வாசகரை அறிந்த நூலகர் ஒருவர் இடையே நிற்பின் முரண் தீரும் என்பதே அரங்கநாதனாரின் கோட்பாட்டுக்கு உயிர்நிலை எனக் கருதுகின்றோம். நூல் தேர்வினைப் பற்றித் தனி நூலொன்றையே அவர் 1952-இல் வெளியிட்டார்.

மேலை நாடுகளிலும் இவ்வழக்கு இருந்தது. மக்கள் கேட்பதைத் தருவதா, அவர்க்கு நன்மை பயப்பதைத் தருவதா என்னும் வினா அமெரிக்க, ஆங்கில நூலகர்களிடையே அரை நூற்றாண்டுக்கு மேல் நிகழ்ந்தது. மெக்கால்வின் 1925-இல் எழுதிய நூலில், நூலகத்தின் கடமை வேண்டலை அளந்தறிந்து அதற்கேற்ப வழங்குவது என்னும் கட்சியை வலியுறுத்தினார். இவ்வாதத்தைத் தமிழ்நாட்டில் அப்படியே எடுத்தாளுதல் பொருந்தாது. கேட்கக் கற்றவரிடமே வேண்டலை அளக்கலாம். எழுத்தறிவு குறைந்திருந்த நாளில், நூலகம் ஒன்றைக் கண்ணாலும் காணாத ஊரில், வேண்டல் யாது என எவ்வாறு அறிவது?

மன்னார்குடியில் 1931 அக்டோபர் 21-ஆம் நாள் புறப்பட்ட மாட்டுவண்டி நூலகம் இவ்வினாவுக்குச் செயலால் விடை கண்டது. எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளரின் முயற்சியில் எழுந்த அவ்வண்டி, நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் சென்றது. வண்டிக்குள் அடங்குமளவே நூல் கொள்ளும். ஆதலின் ஒவ்வொரு செலவுக்கு முன்னும் எதனை ஏற்றுவது, எதனை இறக்குவது என ஒருவர் எண்ணியே தீர வேண்டும். ஊரார் எடுத்ததும் எடாததும் மறு செலவுக்குப் பாடமாகும். மாளிகைகள் தரமாட்டாத நூல் தேர்வுப் பயிற்சியை அவ்வண்டி தந்தது எனல் மிகையன்று.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மீள்வோம். அச்சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் தலநூலக ஆணைக்குழு ஒன்றை அது நிறுவியது. கிளியனூர் அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்ததாதலின் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆணைக்குழுவின் எல்லைக்குள் நின்றது; 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமான பின்னர் அதன் ஆளுகைக்கு உட்பட்டது. நூல்கள், பருவ இதழ்கள், நாளிதழ்கள், நிலப்படங்கள், கலை அறிவியற் பொருள்களின் மாதிரிகள், படவில்லைகள், திரைப்படச் சுருள்கள் ஆகியவற்றையும், நூலகத்திற்குப் பொருத்தமான பிறவற்றையும் சேர்க்கும் உரிமையை ஆணைக்குழுவுக்குச் சட்டம் அளித்தது. நூலகம் என்பது நூல் மட்டுமே உறையும் இடம் என்று அச்சட்டத்தை வகுத்தோர் கருதவில்லை. ஒலிப்பதிவும் கணிப்பொறியும் வந்துள்ள இக்காலத்தில், அத்தொடரின் அகலத்தைக் கண்டு மகிழ்கின்றோம்.

பொருளுக்கு வழி, வீட்டுவரியின்மேல் ரூபாய்க்கு ஆறு தம்பிடி நூலக வரியாகும். அது பின்னர் உயர்த்தப்பெற்று ரூபாய்க்குப் பத்துக் காசாயிற்று. இதனால் விளைந்த நன்மை பெரிது. நூலகம் எவருடைய கொடையையும் நோக்கி நிற்க வேண்டாவாயிற்று. ஆயின் வரி வீட்டைச் சார்ந்ததாகலின், மாடி வீடு மிகுந்த நகரத்தில் நிதி மிகும். கூரை வீடு மிகுந்த ஊர்ப்புறத்தில் குறையும். நூல் மிகுதியும் வேண்டப்படும் இடத்தில் பொருள் குறைவு. இக்குறையை ஈடுசெய்ய அரசு மானியமும், 1972-இல் கல்கத்தாவில் நிறுவப்பெற்ற இராஜாராம் மோகன்ராய் நூலக நிறுவனத்தின் உதவியும் வேண்டியவாயின.

இங்கே ஒரு மாற்றத்தைச் சுட்டுதல் வேண்டும். தலநூலக ஆணைக்குழு என்னும் பெயரிலேயே 'தலம்' என்பது உள்ளது. தலத்தார் தேர்வர் என்பதே சட்டத்தின் உள்ளக்கிடை. தொடக்கத்தில் கல்வித்துறை இயக்குநரே நூலக இயக்குநராகவும் இருந்தார். 1972-இல் பொது நூலகத் துறை தனித்துறையாயிற்று. நாளடைவில், பதிப்பாளர்கள் தம் நூல்களைச் சென்னைக்கு அனுப்புதலும், மாநில அளவிலான தேர்வுக் குழு அவற்றை ஆராய்தலும், தேர்ந்த தலைப்புகளைப் பல நூறு படிகளாக வாங்கி மாவட்டங்களுக்குப் பகிர்தலும் முதன்மை பெற்றன. 'நூலக ஆணை' என்று பதிப்புலகம் வழங்கும் முறை இதுவே. இம்முறையால் தமிழ்ப் பதிப்புத் தொழில் பிழைத்தது என்பதை மறுப்பார் இலர். ஆயிரம் படிகூட விலையாகாத மொழியில், பல நூறு படிகளை அரசு கொள்ளும் என்னும் உறுதி இல்லையேல் ஆய்வு நூல் பல அச்சேறியிரா. இக்கட்டுரையைப் படிப்போருள்ளும் அவ்வுறுதியால் தம் ஆய்வேட்டை நூலாகக் கண்டவர் இருத்தல் கூடும்.

ஆயினும் அதன் மறுபுறத்தையும் நோக்குதல் கடன். விலை பெரும்பாலும் தாளின் அளவையும் பக்கத்தின் தொகையையும் கொண்டு, பாரம் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பெற்றது. அடியளவால் தொகை வகுத்த மரபின் நெடுந்தொலைவு வந்த வாரிசு என்று இதனை நகைச்சுவையாகக் கூறலாம். பண்டு அடியளவு பாடலை வகுக்க மட்டுமே உதவியது. புலவர் எவரும் அகநானூற்றில் இடம்பெறும் பொருட்டு ஐந்தடியை நீட்டிப் பாடினாரல்லர். பார விலையோ எழுத்து பெரிதாதற்கும், ஓரம் அகலுதற்கும், நூல் பருத்தற்கும் தூண்டுதலாக அமைந்தது. நாற்பது பக்கத்து நற்கவிதை நூலுக்கு இம்முறையில் மதிப்புக் குறைவே. அதனினும் பெரிய குறை, மாநிலம் முழுமைக்கும் ஒரே பட்டியல் செல்லுதல். நாகர்கோவிலில் உள்ள அதே நூல் கிளியனூர் வட்டாரத்திலும் இருக்கும். கிளியனூர்த் தலபுராணமோ, திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றிய சிறு வெளியீடோ, மயிலம் தமிழ்க் கல்லூரிப் புலவரொருவர் தம் செலவில் அச்சிட்ட நூலோ அங்கு இல்லாமற் போதல் கூடும். ஏனெனில் அவற்றின் ஆசிரியர் சென்னைக்கு விண்ணப்பித்திலர்; விண்ணப்பித்தாலும் பல நூறு படிகள் வாங்கத்தக்க பொதுமை அவற்றுக்கு இல்லை.

2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகங்கள் எழுப்பப்பெற்றன. இவை ஊராட்சியைச் சார்ந்தவை. பொது நூலகத் துறையின் 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்களின் வேறானவை. கட்டடமும் ஒரு முறை வாங்கிய நூலும் உண்டு. ஆண்டுதோறும் தேர்வாரும், நூலகக் கல்வி பெற்ற பொறுப்பாளரும் இல்லாதவிடத்து அவை அரங்கநாதனாரின் ஐந்தாம் விதிக்கு முரணாக வளராது நின்றன. அண்மையில், 2024-இல், வெளிப்படைத்தன்மை வாய்ந்த நூல் கொள்முதற் கொள்கை ஒன்றைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டு, இணையவழி விண்ணப்பம் பெறும் முறையைக் கொணர்ந்தது. யார் விண்ணப்பித்தார், எந்நூல் ஏற்கப்பட்டது என்பது வெளிப்பட நிகழ்தல் வரவேற்கத்தக்கதே. பதிப்பாளர் குறை அதனால் ஓரளவு தீரும். வாசகர் குறை வேறு.

வாசகரின் வேண்டலும் இதற்கிடையே மாறியுள்ளது. ஊர்ப்புற நூலகத்துக்குக் காலையில் வருவோர் நாளிதழுக்கும், நண்பகலில் வருவோர் அரசுப் பணித் தேர்வு நூலுக்கும் வருகின்றனர். தேர்வுக்குப் படிப்பாரை நூலக வாசகரல்லர் எனப் புறந்தள்ளும் போக்கு எம்போன்ற ஆசிரியரிடையே உண்டு, அது தவறு. வேளாண் குடியிற் பிறந்த பெண்ணொருத்தி, வீட்டில் படிக்க இடமின்றி நூலக மேசையை நாடி வருவாளாயின், அவளுக்கு வேண்டிய பாடநூலின் புதிய பதிப்பை வாங்காது, அவள் கேளாத பத்து நாவல்களை அடுக்குதல் இரண்டாம் விதிக்கு இழைக்கும் பிழை. அதே வேளையில், அவள் கேட்டதை மட்டுமே தருதலும் போதாது. அவினாசிலிங்கனார் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதனை எந்த ஊராரும் வேண்டிக் கேட்டிரார். ஆயினும் சட்டத்தைக் கொணர்ந்தவரே அந்நூலுக்கும் வித்திட்டார். அலமாரி சமைப்பாரும் அதில் வைக்கும் நூலைச் சமைப்பாரும் ஒருவராயிருந்த காலம் அது.

தலத்தேர்வுக்கென நிதியின் ஒரு பங்கை ஒதுக்கி, அதனை நூலகரும் வாசகர் வட்டமும் கூடிச் செலவிடுமாறு செய்யின் இக்குறை பெரிதும் நீங்கும் என்பது எம் கருத்து. பங்கு சிறிதாயினும் தீங்கில்லை. கோயிற் கல்வெட்டு, ஊர்ப்பெயர் வரலாறு, வட்டாரப் புலவர் நூல், உள்ளூர்ப் பள்ளி மலர் முதலியவற்றைச் சென்னைக் குழு தேடி வாராது. இவற்றைச் சேர்க்கும் நூலகர், தணிக்கையின்போது 'இச்சிறு வெளியீட்டுக்கு விலைப்பட்டியல் யாது' என்னும் வினாவுக்கு அஞ்ச வேண்டாத விதியும் உடன் வேண்டும்.

இத்துறையில் ஆராய விழையும் முதுகலை மாணவர்க்கு ஒரு மூலத்தைச் சுட்டுகின்றோம். ஒவ்வொரு நூலகத்தும் நூல் சேர்க்கைப் பதிவேடு உண்டு. வந்த நாள், ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு, விலை, வந்த வழி என நிரல்படச் செல்லும் அப்பதிவேட்டின் இறுதியில், நூல் தள்ளப்பட்ட நாளைக் குறிக்கும் பத்தியும் இருக்கும். இலக்கிய வரலாறு எழுதுவோர் பதிப்பாண்டை நோக்குவர். ஓர் ஊர் எதனைப் படித்தது என்பதை இப்பதிவேடே காட்டும். தென்னார்க்காட்டின் பழைய கிளை நூலகங்களில் 1950-களின் பதிவேடுகள் எஞ்சியிருப்பின் முதலில் படியெடுக்க வேண்டியவை அவையே. அவற்றின் முதற் பக்கத்தையும் அவ்விறுதிப் பத்தியையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, யார் தேர்ந்தார் என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும். ஏடுகளில் கறையான் தன் பணியைத் தொடங்குமுன் அதனைச் செய்தல் நலம்.